காரின் எடையைக் குறைத்தல்: எதைக் கழற்றலாம், எதை விட்டுவைக்க வேண்டும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ பழைய ஃபோக்ஸ்வாகன் சிட்டி கோல்ஃப் கார் ஒன்றை வாங்கி, அதன் ஓட்டத்தைக் கூட்ட வேண்டும் என்று நினைப்பவர் பெரும்பாலும் எஞ்சினிலிருந்தே தொடங்குகிறார். கேம்ஷாஃப்டை மாற்றலாமா, இரட்டைக் கார்புரேட்டர் பொருத்தலாமா, டர்போ வைக்கலாமா என்று கணக்குப் போடும் அவர், அந்த எஞ்சின் எதையெல்லாம் சுமந்துகொண்டு ஓடுகிறது என்று பார்ப்பதில்லை. டிக்கியில் 35 கிலோ ஒலிபெருக்கிப் பெட்டியை வைத்துக்கொண்டு, எஞ்சினில் 4 கிலோவாட்டைத் தேடிப் பணம் செலவழிப்பவர்கள் டர்பனில் ஏராளம். வார நாட்களில் வேலைக்குப் போகவும் எப்போதாவது பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கவும் பயன்படும் ஒரு சாதாரணக் காரில், எடையை எந்த வரிசையில், எந்த எல்லை வரை குறைக்கலாம் என்பதை இங்கே விளக்குகிறேன். முழுப் பந்தயக் கார் கட்டுவது வேறு வேலை. அதை ஆங்காங்கே தொட்டுச் செல்கிறேன்.

எடை குறைந்தால் என்ன கிடைக்கும்?

60 கிலோவாட் எஞ்சினும் 900 கிலோ எடையும் கொண்ட ஒரு காரை எடுத்துக்கொள்வோம். 75 கிலோ எடையுள்ள ஓட்டுநர் ஏறி அமர்ந்தால் மொத்தம் 975 கிலோ. அதாவது ஒவ்வொரு கிலோவாட்டும் 16.25 கிலோவை இழுக்க வேண்டும். அந்தக் காரிலிருந்து 60 கிலோவை எடுத்துவிட்டால் ஒரு கிலோவாட்டின் பங்கு 15.25 கிலோவாக இறங்குகிறது. எடையைத் தொடாமல் எஞ்சினை மட்டும் மாற்றி இதே விகிதத்தை அடைய வேண்டுமானால் ஏறத்தாழ 64 கிலோவாட் தேவைப்படும். ஆக, 60 கிலோ குறைவது 4 கிலோவாட் கூடுவதற்குச் சமம். ஆனால் அந்த 4 கிலோவாட் முடுக்கம், ஏற்றம், உச்ச வேகம் ஆகியவற்றுக்கு மட்டுமே உதவும். எடைக் குறைப்போ பிரேக்குக்கும், வளைவுக்கும், டயரின் ஆயுளுக்கும், பெட்ரோல் செலவுக்கும் சேர்த்து உதவுகிறது. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் போகும் 1000 கிலோ காரை நிறுத்த, பிரேக்குகள் ஏறத்தாழ 556 கிலோஜூல் ஆற்றலை வெப்பமாக மாற்றியாக வேண்டும். எடையில் குறையும் ஒவ்வொரு விழுக்காடும் அந்த வெப்பத்தில் ஒரு விழுக்காட்டைக் குறைக்கிறது. தடத்தில் நான்கைந்து சுற்று ஓடியதும் பிரேக் மிதி மென்மையாகிப் போகும் கார்களுக்கு இது சிறிய உதவியன்று.

எதிர்பார்க்கக் கூடாத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். சமதரையில் காரின் உச்ச வேகம் எடைக் குறைப்பால் ஏறக்குறைய மாறவே மாறாது, ஏனெனில் அந்த வேகத்தில் எஞ்சின் பெரும்பாலும் காற்றின் தடையோடுதான் போராடுகிறது. ஏற்றத்தில் கணக்கு வேறு. 6 விழுக்காடு சரிவுள்ள மலைச்சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டரில் ஏறும்போது, மேற்சொன்ன 975 கிலோவை உயர்த்துவதற்கு மட்டும் ஏறத்தாழ 13 கிலோவாட் செலவாகிறது. அதோடு நான்கு பேரும் அவர்கள் பைகளுமாக இன்னொரு 350 கிலோ சேர்ந்தால் மேலும் 4.5 கிலோவாட் போகிறது. பைன்டவுனிலிருந்து குளூஃபுக்கு ஏறும் ஃபீல்ட்ஸ் ஹில்லில், தனியாகப் போகும்போது நான்காவது கியரில் ஏறும் கார், குடும்பத்தோடு போகும்போது மூன்றாவது கியரைக் கேட்பது இதனால்தான்.

தென்னாப்பிரிக்காவில் இன்னொரு காரணமும் உண்டு. ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,700 மீட்டருக்கு மேல் இருக்கிறது. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் சுமார் ஒரு விழுக்காடு திறனை இழக்கும் என்பது பொதுவான கணக்கு. டர்பன் கடற்கரையில் 60 கிலோவாட் தரும் எஞ்சின் அங்கே 50 கிலோவாட்டைத்தான் தரும். கியாலாமி, ஸ்வார்ட்காப்ஸ், டார்ல்டன் ஆகிய தடங்கள் அனைத்தும் அந்த மேட்டு நிலத்தில்தான் இருக்கின்றன. எஞ்சினில் கூட்டிய திறனில் ஒரு பங்கை உயரம் பறித்துக்கொள்ளும். எடையில் குறைத்த கிலோவோ எந்த உயரத்திலும் குறைந்தே இருக்கும்.

முதலில் எடை போடுங்கள்

தென்னாப்பிரிக்காவில் ஒவ்வொரு காரின் முன் கண்ணாடியிலும் ஒட்டியிருக்கும் லைசென்ஸ் வட்டத்தில் அதன் டேர் எடை அச்சிடப்பட்டிருக்கிறது. எரிபொருள் இல்லாமல், ஆனால் தயாரிப்பாளர் கொடுத்த உதிரிச் சக்கரம் முதலிய துணைப்பொருள்கள் அனைத்தோடும் சாலையில் ஓடத் தயாராக இருக்கும் நிலையில் காரின் எடை அது. அதைக் குறித்துக்கொண்டு, உங்கள் காரை இப்போதுள்ள நிலையிலேயே ஒரு எடைமேடைக்குக் கொண்டுபோங்கள். பழைய இரும்பு வாங்கும் நிலையங்களிலும் மணல், ஜல்லி விற்கும் இடங்களிலும் எடைமேடை இருக்கும். சிறு கட்டணத்துக்கு எடை போட்டுக் கொடுப்பார்கள். ஆனால் லாரிகளுக்கான மேடைகள் பெரும்பாலும் 20 கிலோப் படியில்தான் எண்ணைக் காட்டும் என்பதால், மொத்த எடைக்கு மட்டும் அவற்றை நம்புங்கள். முன் அச்சை மட்டும் மேடையில் நிறுத்தி ஒரு முறையும், பின் அச்சை மட்டும் நிறுத்தி ஒரு முறையும் எடை எடுத்துக்கொள்வது அவசியம். அதன் பயன் பிரேக்கைப் பற்றிப் பேசும்போது தெரியும்.

கழற்றும் ஒவ்வொரு பொருளையும் வீட்டில் ஒரு குளியலறைத் தராசில் நிறுத்து நோட்டுப்புத்தகத்தில் எழுதுங்கள். பொருளின் பெயர், எடை, அது காரில் இருந்த இடம், அதற்குப் பதிலாக வைக்கும் பொருளின் எடை, அதற்குச் செலவான ராண்ட் ஆகிய ஐந்தும் இருந்தால் போதும். ஒரு கிலோவைக் குறைக்க எத்தனை ராண்ட் ஆயிற்று என்ற எண் கண்ணுக்கு முன் இருக்கும்போது, பக்கக் கண்ணாடிகளுக்குக் கார்பன் ஃபைபர் உறைகளை வாங்கும் ஆசை தானாகவே தணியும்.

செலவில்லாத கிலோக்கள்

டிக்கியைத் திறந்து முழுவதும் காலி செய்யுங்கள். நம் வீடுகளில் புரட்டாசி விரதத்துக்காகக் கோயிலுக்கு ஏற்றிய பித்தளைப் பாத்திரங்களும் மடக்கு நாற்காலிகளும் ஐப்பசி பிறந்த பிறகும் டிக்கியிலேயே பயணம் செய்வதுண்டு. மீன்பிடிக்கப் போகிறவர்களுடைய காரில் ஈயக் குண்டுகள் நிறைந்த பை ஒன்று நிச்சயம் இருக்கும். அதை ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். அடுத்தது ஒலியமைப்பு. மரத்தட்டில் செய்த இரட்டை ஒலிபெருக்கிப் பெட்டியும் அதன் ஆம்ப்ளிஃபயரும் கனமான மின்கம்பிகளும் சேர்ந்து எளிதில் 40 கிலோவை எட்டும், அதுவும் காரின் பின்கோடியில். இசையா, வேகமா என்ற கேள்விக்கு இரண்டும் என்று பதில் சொல்பவர் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

கூரைமேல் உள்ள சுமைச் சட்டத்தைத் தேவையில்லாத நாட்களில் கழற்றிவிடுங்கள். அது சில கிலோதான் என்றாலும் காரின் மிக உயரமான இடத்தில் இருப்பதால் வளைவில் சாய்வைக் கூட்டுகிறது. காற்றுத் தடையையும் ஏற்படுத்துகிறது.

பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடை கொண்டது. 45 லிட்டர் தொட்டி நிறைந்திருந்தால் ஏறத்தாழ 33 கிலோ. தடத்துக்குப் போகும் நாளில் 20 லிட்டரோடு போனால் 18 கிலோ மிச்சம். அதற்காகத் தொட்டியை அடிமட்டம் வரை வற்றவிடக் கூடாது. தொட்டிக்குள் அமர்ந்திருக்கும் மின்பம்பு பெட்ரோலினால்தான் குளிர்கிறது. மேலும் நீண்ட வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கினால் பம்பு காற்றை உறிஞ்சி எஞ்சின் திணறும். உதிரிச் சக்கரமும் ஜாக்கும் சேர்ந்து 15 கிலோ வரை வரும். அவற்றைத் தடத்தில் இறக்கி வைக்கலாம், ஆனால் வீடு திரும்பும்போது மறுபடி ஏற்றிக்கொள்ளுங்கள். பெட்ரோல் தீர்ந்தோ டயர் வெடித்தோ இரவில் என்3 நெடுஞ்சாலை ஓரத்தில் தனியாக நிற்பது எந்த ஆபத்துக்கு இடம் கொடுக்கும் என்பதை இந்த நாட்டில் வாழ்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சுழலும் எடை

எல்லாக் கிலோவும் ஒரே மதிப்புடையதன்று. இருக்கையில் உள்ள ஒரு கிலோவைக் காரோடு சேர்த்து முன்னே தள்ளினால் போதும். டயரின் ஓரத்தில் உள்ள ஒரு கிலோவை முன்னே தள்ளுவதோடு சுழற்றவும் வேண்டும். கணக்கிட்டால், டயரின் வெளி விளிம்பில் உள்ள ஒரு கிலோ முடுக்கத்தின்போது ஏறத்தாழ இரண்டு கிலோவாக நடந்துகொள்கிறது. சக்கரத்தையும் டயரையும் ஒன்றாகப் பார்த்தால் சராசரியாக ஒன்றரைக் கிலோ என்று கொள்ளலாம். அதோடு, ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை குறையக் குறைய, மேடுபள்ளத்தில் டயர் தரையை விட்டு எழாமல் ஒட்டி ஓடும். ஆகவே, பணம் கொடுத்துக் குறைக்கும் முதல் எடை சக்கரத்தில் இருக்கட்டும்.

இங்கேதான் நம் பையன்கள் எதிர்த்திசையில் போகிறார்கள். 13 அங்குல இரும்புச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அழகுக்காக 17 அங்குல மலிவு மேக் (அலாய்) சக்கரங்களைப் போடுகிறார்கள். மேக் என்றாலே இலேசு என்ற எண்ணம் தவறு. தடித்த வார்ப்பில் செய்த பெரிய அலுமினியச் சக்கரம் அந்தச் சிறிய இரும்புச் சக்கரத்தைவிட மூன்று நான்கு கிலோ கூடுதலாக இருப்பது வழக்கம். போதாக்குறைக்கு அதன் எடை நடுவிலிருந்து வெளியே தள்ளி அமைந்துவிடுகிறது. வாங்கும் முன் கடையிலேயே ஒரு சக்கரத்தைத் தராசில் வைக்கச் சொல்லுங்கள்; தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள். பிரேக் டிஸ்க்கைப் பற்றும் காலிப்பருக்கு இடம் விடும் மிகச் சிறிய விட்டமே சரியான விட்டம். சக்கரத்தின் சுமை அளவு, போல்ட் வட்டம், ஆஃப்செட் (சக்கரம் உள்ளே அல்லது வெளியே தள்ளி அமரும் அளவு) மூன்றும் காருக்குப் பொருந்த வேண்டும். நடுத்துளை பெரிதாக இருந்தால் அதற்குரிய வளையத்தைப் போட வேண்டும்.

வார்ப்புச் சக்கரத்தைவிட அடித்து உருவாக்கிய சக்கரம் ஒரே வலிமைக்கு இலேசானது, விலையும் பல மடங்கு. இடைப்பட்ட வழியாக, வார்த்த பிறகு விளிம்பை உருளைகளால் அழுத்தி மெலிதாக்கிய சக்கரங்கள் கிடைக்கின்றன. சாலைக் காருக்கு என் பரிந்துரை அவைதான். பெயர் தெரியாத தயாரிப்பாளர் இலேசாக்குவதற்காக மெலிதாக வார்த்த சக்கரத்தையும், பக்கச்சுவர் குறைந்த டயரையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு நம் சாலைக் குழிகளில் இறங்கினால், முதல் மழைக்காலத்திலேயே விளிம்பில் விரிசல் காணலாம்.

எஞ்சினின் சுழற்சியைச் சீராக்கும் கனமான வட்டான ஃப்ளைவீலை இலேசாக்குவது இதே கணக்கின் இன்னொரு முகம், ஆனால் விளைவு கியருக்குக் கியர் மாறும். ஃப்ளைவீலின் வெளிப்பகுதியில், மையத்திலிருந்து 10 சென்டிமீட்டர் தொலைவில் 2 கிலோவைக் கடைந்து எடுத்தால், சாதாரணச் சிறிய காரின் கியர் விகிதங்களில் அது முதல் கியரில் ஏறத்தாழ 45 கிலோ எடைக் குறைப்புக்குச் சமமாகிறது. நான்காவது கியரில் 4 கிலோவுக்குக்கூடச் சமமாவதில்லை. புறப்பாட்டுக்கு நல்லது, நெடுஞ்சாலைக்கு ஒன்றுமில்லை. அதற்கு விலையும் உண்டு: எஞ்சின் தாழ்ந்த வேகத்தில் நிதானமாகச் சுழலாது, சாட்ஸ்வொர்த்தின் செங்குத்துத் தெருக்களில் ரோபோட் (போக்குவரத்து விளக்கு) முன் நின்று கிளம்பும்போது அடிக்கடி அணைந்துவிடும். வார்ப்பிரும்பு ஃப்ளைவீலை அளவுக்கு மீறிக் கடைந்தால் அது உயர்ந்த வேகத்தில் உடைந்து தரையைக் கிழித்துக்கொண்டு ஓட்டுநரின் கால் வரை வரும். எனவே லேத் பட்டறையில் உங்கள் பழைய ஃப்ளைவீலைச் செதுக்கச் சொல்வதைவிட, அதற்கென்றே செய்த எஃகு ஃப்ளைவீலை வாங்கி, கிளட்ச் மூடியோடு சேர்த்துச் சமநிலைப்படுத்திப் பொருத்துவதே சரி. கிளட்ச் மாற்ற வேண்டிய காலம் வரும்போது இதைச் செய்தால் கியர்பெட்டியை இறக்கும் கூலி ஒரு முறையோடு போகும்.

பேட்டரி, இருக்கை, உள் அலங்காரம்

சிறிய காரின் ஈய அமிலப் பேட்டரி 12 முதல் 15 கிலோ வரை இருக்கும். அதே வேலையைச் செய்யும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி 4 கிலோ அளவில் முடியும். முன் அச்சுக்கு மேலும் முன்னாலும் உள்ள 10 கிலோவைக் குறைப்பதால் முன்சக்கர இயக்கக் காரின் மூக்கு வளைவில் எளிதாகத் திரும்பும். விலை அதிகம்; உங்கள் ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தம் அந்தப் பேட்டரிக்கு ஏற்றதா என்று பார்க்க வேண்டும்; எஞ்சின் அறையின் வெப்பத்தையும் அது விரும்பாது. மின்வெட்டுக்காக வீட்டு இன்வெர்ட்டரில் வைத்த லித்தியம் பேட்டரியைக் காரில் மாட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மாட்டக் கூடாது, எஞ்சினை முடுக்கத் தேவையான பெருமின்னோட்டத்தைத் தருவதற்கு அது கட்டப்படவில்லை.

சாதாரண முன் இருக்கை 15 முதல் 20 கிலோ. கண்ணாடியிழையில் செய்த பக்கெட் இருக்கை அதில் பாதிகூட இராது. ஓட்டுநர் இருக்கையை மட்டும் மாற்றினாலே போதும், பயணி தம் இருக்கையில் வசதியாக இருக்கட்டும். ஆனால் இருக்கையை எந்தத் தாங்கியில் பூட்டுகிறீர்கள் என்பது இருக்கையைவிட முக்கியம். அந்தக் காருக்கென்று செய்த தாங்கி இல்லாமல், பட்டறையில் கிடைத்த தகட்டுப் பட்டையை வெல்டு செய்து இருக்கையை உட்காரவைப்பவர், மோதலின்போது தம் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை அந்தப் பட்டையில் விழும் என்பதை நினைக்க வேண்டும். இருக்கைக்குள் காற்றுப்பையோ பெல்ட்டை இறுக்கும் வெடிக்கூறோ இருந்தால், அதைக் கழற்றும் வேலையைப் பயிற்சி பெற்றவரிடம் விடுங்கள்.

பின் இருக்கை 20 கிலோவுக்கு மேல் வரும். தடத்துக்குப் போகும் நாளில் இறக்கி வைப்பது நியாயம். குழந்தைகள் உள்ள வீட்டில் அதை நிரந்தரமாகக் கழற்றுவதில் நியாயம் இல்லை. தரையிலும் கதவிலும் ஒட்டியுள்ள தார்ப் பலகைகள் ஒலியை அடக்குவதற்கானவை. அவற்றை உலர்பனிக்கட்டியால் உறையவைத்துத் தட்டி உடைத்து எடுப்பது வழக்கம். உலர்பனிக்கட்டி மைனஸ் 78 டிகிரியில் இருப்பதால் தடித்த கையுறை வேண்டும். அது ஆவியாகிக் கரியமில வாயுவாக மாறுவதால் கதவுகள் அனைத்தையும் திறந்துவைத்து, வெளியிடத்தில் செய்ய வேண்டும். கிடைப்பது 8 முதல் 12 கிலோ. சாலைக் காருக்கு இதை நான் பரிந்துரைக்கவில்லை: ஜோகன்னஸ்பர்க் வரை ஆறு மணி நேரம் அந்த இரைச்சலில் ஓட்டியவர் இரண்டாம் முறை ஓட்டமாட்டார். அப்படியும் எடுத்தால், வெறுமையான தகட்டுக்கு உடனே பிரைமரும் வண்ணமும் பூசுங்கள். டர்பனின் உப்புக்காற்று ஒரு கோடைக்குள் துருவைத் தொடங்கிவைத்துவிடும்.

குளிரூட்டியை முழுவதும் கழற்றினால் 15 முதல் 20 கிலோ போகும், பெரும்பகுதி முன்பக்கத்திலிருந்து. பிப்ரவரி மாதத்து டர்பனில் இதைச் செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மழை நாளில் கண்ணாடியின் உட்புறப் பனிப்பைத் துடைப்பதும் அந்தக் குளிரூட்டிதான். கழற்றியே தீர வேண்டுமானால், குழாயை நீங்களே அவிழ்த்து வாயுவை வெளியேற்றாதீர்கள். அதை உறிஞ்சி எடுக்கும் கருவி உள்ளவரிடம் போங்கள்.

தகடுகளும் கண்ணாடியும்

கண்ணாடியிழைப் பானெட் இரும்புப் பானெட்டின் எடையில் பாதி இருக்கும். அதில் பழைய பூட்டை மட்டும் நம்பக் கூடாது. நெடுஞ்சாலை வேகத்தில் பானெட் வளைந்து திறந்துகொண்டு முன் கண்ணாடியை மறைக்கும் ஆபத்து இருப்பதால், இரு பக்கமும் பானெட் ஊசிகளைப் பொருத்தியாக வேண்டும். அலுமினியத் தகட்டை இரும்புச் சட்டத்தில் பூட்டும்போது இரண்டுக்கும் இடையே நைலான் வளையமோ காப்புப் பூச்சோ வேண்டும். கடற்கரை ஈரத்தில் இரண்டு உலோகங்களும் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கப்பட்டு வெண்தூளாக உதிரும்.

இந்த வழியில் முறையாகச் செய்யப்பட்ட கார் ஒன்று நம் நாட்டிலேயே உண்டு. விற்பனைக் கார்களுக்கான குரூப் என் பந்தயங்களுக்காகத் தென்னாப்பிரிக்காவுக்கென்றே உருவாக்கப்பட்ட பி.எம்.டபிள்யூ 325ஐஎஸ் வகை, நகர்ப்புறச் சேரிகளில் குஷேஷே என்று செல்லமாக அழைக்கப்படும் அந்தக் கார், 2.7 லிட்டர் எஞ்சினைப் பெற்றதோடு நிற்கவில்லை. அதன் பிந்தைய வகையில் சில உடற்தகடுகளும் அலுமினியத்தில் செய்யப்பட்டன. டர்பனை அடுத்த பைன்டவுனில் உருவான பர்கின் கார்களோ எதிர்முனையில் நிற்பவை: பழைய லோட்டஸ் செவன் அமைப்பைப் பின்பற்றி, கூரை, கதவு, ஆடம்பரம் ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே விட்டுவிட்டு, தேவையானதை மட்டும் வைத்துக் கட்டியவை. ஒரு காரை இலேசாக வடிவமைப்பதற்கும், கனமாக வடிவமைத்த காரிலிருந்து பிய்த்து எடுப்பதற்கும் உள்ள வேறுபாடு இவற்றின் அருகில் நின்று பார்த்தால் விளங்கும்.

கண்ணாடியைவிடப் பாலிகார்பனேட்டின் அடர்த்தி பாதிக்கும் குறைவு. பக்க, பின் கண்ணாடிகளை அதில் மாற்றுவது பந்தயக் காருக்கு மட்டும் பொருந்தும். அது எளிதில் கீறல் விழுந்து இரவில் எதிர்வெளிச்சத்தைச் சிதறடிக்கும். முன் கண்ணாடியை எந்தக் காரிலும் தொடாதீர்கள். திருடர்கள் உடைக்காதிருக்க ஒட்டிய படலத்தையும், கார் எங்கே இருக்கிறது என்று காட்டும் கருவியையும், அலாரத்தையும் எடைக்காகக் கழற்ற நினைப்பவரைச் சிரித்து அனுப்பிவிடுங்கள். அவை சில நூறு கிராம்தான்.

கதவுக்குள் உள்ள குறுக்கு உத்திரம், பம்பருக்குப் பின்னால் உள்ள எஃகுச் சட்டம், சீட் பெல்ட்டுகள், காற்றுப்பைகள், பிரேக் டிஸ்க்குகளின் தடிமன் ஆகியவை எடைக் கணக்கில் சேரவே கூடாதவை. உட்சட்டத் தகடுகளில் துளையிட்டு எடை குறைக்கும் பழைய பந்தய வழக்கத்தைப் பார்த்துவிட்டு வீட்டில் துரப்பணக் கருவியை எடுப்பவர், ஒரு துளைக்குச் சில கிராம்தான் போகிறது என்பதையும், ஒவ்வொரு துளையும் துருவுக்கும் விரிசலுக்கும் ஒரு வாசல் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கார் உருண்டால் ஓட்டுநரைக் காக்கும் எஃகுக் கூண்டைப் பந்தயத்துக்காகப் பொருத்தினால் அது 30 கிலோவுக்கு மேல் எடையைக் கூட்டும்; அந்த எடையைக் குறை சொல்வதற்கில்லை. போட்டியில் இறங்குபவர் முதலில் தம் வகுப்பின் விதிப்புத்தகத்தைப் படிக்கட்டும். பல வகுப்புகளில் குறைந்தபட்ச எடை வரையறுக்கப்பட்டிருப்பதால், பணம் கொடுத்துக் குறைத்த கிலோவை ஈயக்கட்டியாகத் திரும்ப ஏற்ற வேண்டியிருக்கும். அதிலும் ஒரு நன்மை உண்டு: அந்தக் கட்டியைத் தாழ்வாக, தேவையான இடத்தில் பூட்டிக்கொள்ளலாம்.

குறைத்த பிறகு செய்ய வேண்டியவை

மறுபடியும் எடைமேடைக்குப் போய் இரு அச்சுகளையும் தனித்தனியே எடை போடுங்கள். சாலைக் காரில் கழற்ற எளிதானவை பெரும்பாலும் பின்பகுதியில் இருப்பதால், பின் அச்சு முன்னைவிட இலேசாகியிருக்கும். காரின் பிரேக் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பங்கிட்டவர்கள் பழைய எடையை மனத்தில் வைத்தே பங்கிட்டார்கள். பின்பகுதி இலேசானால், அழுத்தி பிரேக் பிடிக்கும்போது பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுழலக்கூடும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். இல்லாத பழைய கார்களில் இது உண்மையான அபாயம். பின் அச்சின் தாழ்வுயர்வைப் பார்த்துப் பிரேக் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு உள்ள காரில், பின்பகுதி உயர்ந்ததும் அந்த வால்வை மறுபடி ஒழுங்குபடுத்த வேண்டும். மூடிய இடத்தில், குறைந்த வேகத்திலிருந்து படிப்படியாகக் கூட்டி, பின்சக்கரங்கள் முந்திக்கொள்கின்றனவா என்று இன்னொருவரை வெளியே நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

50 கிலோவுக்கு மேல் குறைந்திருந்தால் காரின் உடல் சற்று எழும்பியிருக்கும், அதனால் சக்கரங்களின் கோணங்களும் மாறியிருக்கும். சக்கர ஒழுங்கமைப்பை மீண்டும் செய்யுங்கள். ஸ்பிரிங்குகள் இப்போது காருக்குக் கொஞ்சம் கடினமாகத் தோன்றும். அதைக் கண்டு ஸ்பிரிங்கை அறுக்காதீர்கள். டயர் காற்றழுத்தத்தை மிகச் சிறிய படிகளில் குறைத்துப் பார்ப்பதிலேயே பெரும்பாலும் அந்தக் குறை தீரும், ஆனால் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குக் கீழே சாலையில் போகக் கூடாது.

பலனை அளக்கும் இடம் பொதுச்சாலையன்று. தென்கடற்கரையில் போர்ட் ஷெப்ஸ்டனில் உள்ள டெஸி தடம் போன்ற இடத்தில், ஒரே அளவு பெட்ரோல், ஒரே டயர் அழுத்தம், ஏறக்குறைய ஒரே வெப்பநிலை ஆகியவற்றோடு முன்னும் பின்னும் ஓட்டி ஒப்பிடுங்கள். உள்நாட்டிலிருந்து வெப்பக் காற்று இறங்கி வீசும் நாளில் எடுத்த நேரத்தைக் குளிர்ந்த காலையில் எடுத்த நேரத்தோடு ஒப்பிட்டால், வானிலை கொடுத்ததை எடை கொடுத்ததாக நினைத்துக்கொள்வீர்கள். ஓட்டுநரின் எடையும் கணக்கில் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பிரியாணியை ஒரு மாதம் அளவாக உண்டு 4 கிலோ குறைத்தவர், அதே 4 கிலோவுக்காகக் கார்பன் ஃபைபர் வாங்கியவரைவிடப் பணக்காரராக இருப்பார்.

மாற்றங்கள் அனைத்தையும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். சொல்லாத மாற்றத்தைக் காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு வழி விடாதீர்கள். இருக்கைகளை நிரந்தரமாக எடுப்பது போன்ற மாற்றங்களால் டேர் எடை மாறினால், பதிவு விவரங்களைத் திருத்த வேண்டுமா என்று வாகனப் பதிவு அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். கழற்றிய பொருள்களைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பாமல் வைத்திருங்கள். இந்த நாட்டில் கார் கைமாறும்போது சாலைத் தகுதிச் சான்றிதழ் வேண்டும். சோதிப்பவர் பெல்ட்டுகளையும் இருக்கைகளையும் பிரேக்குகளையும் பார்ப்பார். ஒவ்வொரு பொருளின் போல்ட்டுகளையும் தனிப் பையில் போட்டு, எந்த இடத்தைச் சேர்ந்தது என்று எழுதி, அந்தப் பொருளோடு கட்டி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். வாங்க வருபவர் பின் இருக்கை எங்கே என்று கேட்கும்போது அரை மணி நேரத்தில் அதைத் திரும்பப் பூட்டிக் காட்ட முடிய வேண்டும்.